பெயரும் பங்காளியும்



தந்தையாரின் பெயர் நிலைக்க வேண்டும் என்று பிள்ளைகள் ஒன்றுகூடி ஏற்படுத்திய அறக்கட்டளையின் சார்பில் நடக்கும் உரை இது. அழைப்புக் கடிதம் கைக்கு வந்தபோதே எதைப் பற்றிப் பேசுவது என்று எனக்குள் முடிவாகிவிட்டது. தந்தையின் பெயர் பிள்ளைக்கு வருகிறது. தந்தையின் உடம்பிலிருந்தும் ஒன்று அப்படியே மகனுக்கு வருகிறது. இந்த இரண்டும் எத்தனை தலைமுறை ஒரே பாதையில் நடக்கின்றன? இதை ஒரு தனி ஆய்வுத்துறையாகவே வளர்த்தவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். ஆகவே இன்று பெரும்பாலும் அவர்கள் ஊர்க் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மரபியல் பேராசிரியராக இருந்தவர் பிரையன் சைக்ஸ். 1990-களின் பிற்பகுதியில் ஒரு பெரிய மருந்து நிறுவனத்தில் உரையாற்ற அவரை அழைத்திருந்தார்கள். அந்த நிறுவனத்தின் தலைவர் பெயர் ரிச்சர்ட் சைக்ஸ். "அவர் உங்களுக்குச் சொந்தமா?" என்ற கேள்வி வராமல் இருக்குமா? இருவருக்கும் தெரிந்தவரை எந்த உறவும் கிடையாது. ஆனாலும் அந்தக் கேள்வி பேராசிரியரை விடவில்லை. ரிச்சர்ட் சைக்ஸிடம் டிஎன்ஏ மாதிரி கேட்டு வாங்கித் தன்னுடையதோடு வைத்துப் பார்த்தார். பொருந்தியது. பிறகு வடக்கு இங்கிலாந்தில் சைக்ஸ் என்று பெயர் உள்ள ஆண்களுக்குக் கடிதம் எழுதி மாதிரிகள் திரட்டினார். 48 பேரின் முடிவுகள் 2000-ஆம் ஆண்டு வெளிவந்தன.

சைக் என்றால் யார்க்‌ஷயர் வட்டாரப் பேச்சில் சிற்றோடை, எல்லை வாய்க்கால். வாய்க்கால் ஓரத்தில் குடியிருந்தவருக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. யார்க்‌ஷயரில் வாய்க்காலுக்கா பஞ்சம்? எனவே பல வாய்க்கால், பல வீடு, தனித்தனியாகப் பல சைக்ஸ் குடும்பங்கள் தோன்றியிருக்கும் என்றே ஏடுகளைப் படித்தவர்கள் எண்ணியிருந்தார்கள். சோதனை வேறு சொன்னது. 48 பேரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஒய் குரோமோசோமில் ஒரே அமைப்பு இருந்தது. அந்த அமைப்பு அக்கம்பக்கத்து ஊர்களில் வேறு பெயர்க்காரர்களிடம் தென்படவில்லை. 700 ஆண்டுகளுக்கு முன்னால் வாழ்ந்த ஒரே ஒரு மனிதரின் வழி வந்தவர்கள் இவர்கள் என்று பேராசிரியர் முடிவுக்கு வந்தார்.

இந்தச் சோதனையின் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். மாணவர்களுக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காக. நம்மிடம் பங்காளி என்றொரு சொல் இருக்கிறது. அப்பன், அப்பனுக்கு அப்பன் என்று ஆண்வழியாகவே மேலே போனால் ஒரு முன்னோரில் போய்ச் சேர்பவர்கள் பங்காளிகள். அவர்களுக்குள் சாவுத் தீட்டு உண்டு, பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது. மாமன் மச்சான் எவ்வளவு நெருக்கமானாலும் பங்காளி ஆக முடியாது. ஒய் குரோமோசோம் என்பது பங்காளிகளிடம் மட்டுமே இருக்கிற பொதுச் சொத்து. மற்ற குரோமோசோம்களெல்லாம் தலைமுறைக்குத் தலைமுறை தாயுடையதும் தந்தையுடையதுமாகக் கலைத்துப் போடப்படுகின்றன. ஒய் மட்டும் தந்தையிடமிருந்து மகனுக்கு ஏறக்குறைய மாறாமல் இறங்குகிறது. இங்கிலாந்தில் குடும்பப் பெயரும் அதே வழியாக இறங்குகிறது. அங்கே பெயர்கள் பரம்பரையாக நிலைபெற்றது பெரும்பாலும் 13, 14-ஆம் நூற்றாண்டுகளில். 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளின் தலைவரிப் பட்டியல்களில் ஊர் ஊராக அந்தப் பெயர்களைப் பார்க்கலாம்.

ஒய் குரோமோசோமில் சுமார் 6 கோடியே 20 லட்சம் எழுத்துகள் இருக்கின்றன. 2023-இல்தான் அதைத் தொடக்கம் முதல் முடிவு வரை விடாமல் படித்தார்கள். குடும்பப் பெயர் ஆய்வுக்கு அத்தனையும் தேவையில்லை. சில இடங்களில் ஜிஏடிஏ போன்ற நான்கெழுத்துத் துண்டு திரும்பத் திரும்ப வரும். ஒரு வழியாருக்கு அது 13 முறை வரும், இன்னொரு வழியாருக்கு 14 முறை. இப்படிப்பட்ட இடத்துக்கு மார்க்கர் என்று பெயர். தந்தையின் எண் அப்படியே மகனுக்கு வரும். எப்போதோ ஒருமுறை, ஒரு மார்க்கருக்கு ஆயிரம் பிறப்பில் இரண்டு மூன்று தடவை, ஒன்று கூடும் அல்லது குறையும். அந்தச் சிறு பிழைதான் கிளை எங்கே பிரிந்தது என்று காட்டிக் கொடுக்கிறது.

சைக்ஸ் பார்த்தவை நான்கே மார்க்கர்கள். இன்று அது போதாது. 37, 67, 111 என்று வணிக நிறுவனங்களே பார்க்கின்றன, எழுத்து எழுத்தாகவும் படிக்கின்றன. நான்கு எண்கள் ஒத்துப்போவது தற்செயலாகவும் நடக்கலாம். நான்கில் மூன்று ஒத்துப்போகவில்லை என்றால் அது தற்செயல் இல்லை. இந்தச் சோதனை 'இல்லை' என்று சொன்னால் உறுதியாகச் சொல்கிறது. 'ஆம்' என்று சொல்லும்போது, ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு பொது முன்னோர் இருந்தார் என்பது வரைதான் சொல்கிறது. அவர் பெயர் என்ன, எந்த ஊர், எந்த ஆண்டு என்பதெல்லாம் ஏட்டில் இருந்தால் உண்டு.

போன மாதம் என் வகுப்பில் மாதிரி எடுத்துக் காட்டினேன். ஒரு மணி நேரம் டீ, காபி கூடாது. வாயைக் கொப்பளித்துவிட்டு, பஞ்சு சுற்றிய குச்சியைக் கன்னத்தின் உட்புறத்தில் வைத்து அரை நிமிடம் அழுத்தித் தேய்க்க வேண்டும். குச்சி முனையில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஈரம் மட்டும் இருக்கும். அதை மருந்துத் திரவம் உள்ள சிறு குழாயில் முறித்துப் போட்டு மூடினால் வேலை முடிந்தது. குழாயைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாணவன் கேட்டான்: "சார், இதுல என் முப்பாட்டன் யாருன்னு தெரிஞ்சிடுமா?" இந்த உரையில் பாதி அவனுக்கான பதில்.

லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங், மார்க் ஜோப்ளிங் ஆகியோர் இந்த வேலையைப் பெரிய அளவில் செய்தார்கள். 2006-இல் ஒரே பெயரைத் தாங்கிய 150 ஜோடி ஆண்களைச் சோதித்தார்கள். ஒருவருக்கொருவர் முன்பின் அறியாதவர்கள். அதிகபட்சமாக நூற்றுக்கு 24 ஜோடிகள் அண்மைக் காலப் பொது முன்னோர் உடையவர்கள் என்று கணக்கிட்டார்கள். பெயர் எவ்வளவு அரிதோ அவ்வளவு பொருத்தம் கூடியது. 2009-இல் 40 பெயர்கள், 1,678 ஆண்கள். ஸ்மித் என்றால் கொல்லர். ஊருக்கு ஊர் கொல்லர் இருந்தார், எனவே இரண்டு ஸ்மித்கள் பங்காளியாக இருப்பதற்கும் தெருவில் போகும் எந்த இருவர் பங்காளியாக இருப்பதற்கும் வித்தியாசம் இல்லை. அட்டன்பரோ போன்ற அரிய பெயரிலோ பெரும்பாலோர் ஒரே வழியில் வந்தவர்களாக இருந்தார்கள்.

இதே குழு 2007-இல் சொன்ன ஒரு செய்தியை நான் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொல்வேன். யார்க்‌ஷயரைச் சேர்ந்த வெள்ளையர் ஒருவர் ஆய்வுக்கு மாதிரி தந்திருந்தார். அவருடைய ஒய் குரோமோசோம் மேற்கு ஆப்பிரிக்காவில் மட்டும் காணப்படும் மிகப் பழைய, மிக அரிய பிரிவைச் சேர்ந்தது. அவருடைய பெயரும் மிக அரிய பெயர். அதே பெயருடைய ஆண்கள் 18 பேரைச் சோதித்தபோது 7 பேரிடம் அது இருந்தது. ஏடுகளைப் பிடித்துக்கொண்டு போனதில் இரண்டு வம்சாவளிகள் 1780-களின் யார்க்‌ஷயர் வரை எட்டின. அவை இரண்டும் அதற்கும் முன்னால் எங்கோ ஒன்றாக இருந்திருக்க வேண்டும். தோலில், முகத்தில், குடும்பக் கதையில் ஆப்பிரிக்காவின் சுவடே இல்லை. எப்போதோ இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்த ஒரு கறுப்பு மனிதர், அந்தப் பெயருக்குள் 200 ஆண்டுகளுக்கு மேலாகப் பேசாமல் இருந்திருக்கிறார். இதைவிடப் பெரிய வரலாற்றுப் பாடம் எனக்குத் தெரியாது.

பெயர் மறுக்கப்பட்டவர்களின் கதையும் உண்டு. அமெரிக்காவின் மூன்றாம் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சன். அவருடைய மாண்டிசெல்லோ பண்ணையில் அடிமையாக இருந்தவர் சாலி ஹெமிங்ஸ். சாலியின் பிள்ளைகளுக்கு ஜெஃபர்சன்தான் தந்தை என்ற பேச்சு அவர் பதவியில் இருக்கும்போதே எழுந்தது. சாலியின் மகன் மாடிசன் ஹெமிங்ஸ் 1873-இல் ஓஹையோவில் ஒரு செய்தித்தாளில் அதை வெளிப்படையாகவே சொன்னார். வரலாற்றாசிரியர்கள் பலர் நூறாண்டுக்கு மேல் அவர் சொல்லை ஒதுக்கியே வைத்திருந்தார்கள். ஜெஃபர்சனுக்கு மண உறவில் பிறந்து வளர்ந்த மகன் இல்லை. அதனால் 1998-இல் யூஜின் ஃபாஸ்டர் குழுவினர், அவருடைய தந்தையின் உடன்பிறந்தாரான ஃபீல்டு ஜெஃபர்சனின் ஆண்வழியில் வந்த ஐந்து பேரிடம் மாதிரி எடுத்தார்கள். பங்காளிகளிடம் எடுத்தார்கள் என்றால் நமக்கு உடனே விளங்கிவிடும். சாலியின் கடைசி மகன் எஸ்டனின் வழிவந்தவரோடு அது பொருந்தியது. ஊர்ப் பழியைச் சுமந்திருந்த, ஜெஃபர்சனின் சகோதரி மகன்களான கார் சகோதரர்களின் வழியோடு பொருந்தவில்லை.

இங்கேயும் 'ஆம்' எவ்வளவு தூரம் போகும் என்று பாருங்கள். ஜெஃபர்சன் வீட்டு ஆண் ஒருவர் எஸ்டனின் தந்தை என்றுதான் ஒய் குரோமோசோம் சொன்னது. தாமஸுக்குத் தம்பி இருந்தார், தம்பிக்கும் அதே ஒய்தான். சாலி ஒவ்வொரு முறை கருவுற்ற காலத்திலும் தாமஸ் மாண்டிசெல்லோவில் இருந்தார் என்பதைக் காட்டியவை அவருடைய சொந்தக் குறிப்பேடுகள். ஏடும் எண்ணும் சேர்ந்தபோதுதான், மாண்டிசெல்லோவைப் பராமரிக்கும் ஜெஃபர்சன் அறக்கட்டளை 2000-இல் மாடிசன் சொன்னது பெரிதும் உண்மையாகவே இருக்கும் என்று ஏற்றது. அவர் சொன்னதை அன்றே நம்பியிருக்கலாம். அடிமையின் வாய்ச்சொல் என்பதற்காக 125 ஆண்டுகள் சாட்சி கேட்டார்கள். எஸ்டன் 1852-இல் விஸ்கான்சினுக்குக் குடிபெயர்ந்தபோது ஜெஃபர்சன் என்ற பெயரைத் தன் பெயரோடு தானே சேர்த்துக்கொண்டார்.

இனி, கேட்கத் தயங்குகிற கேள்விக்கு வருகிறேன். பெயரும் ஒய்யும் பிரிந்துபோவது எவ்வளவு சகஜம்? நூற்றுக்குப் பத்துப் பிள்ளைகள் வேறொருவருக்குப் பிறந்தவை என்று ஒரு கணக்கு வெகுகாலமாகப் பேச்சில் உலவுகிறது. அது தவறு. சைக்ஸ் கண்டது தலைமுறைக்கு 1.3 விழுக்காடு. பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழகத்தின் மார்ட்டன் லார்முசோ குழுவினர், வம்சாவளிப்படி பங்காளிகளான 513 ஜோடி ஆண்களைச் சோதித்து 2019-இல் சொன்ன சராசரியும் ஒன்று ஒன்றரை விழுக்காட்டை ஒட்டியதுதான். கிராமத்து விவசாயிகளிடையே அரை விழுக்காடு. 19-ஆம் நூற்றாண்டின் நெரிசல் மிக்க தொழில் நகரங்களில் ஏழைகளிடையே 6 விழுக்காட்டை எட்டியது. இந்தக் கடைசி எண்ணைப் படித்து ஏழைகளின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேச முனைவோர் உண்டு. அந்த நகரங்களில் ஓர் ஏழைப் பெண்ணுக்கு மறுக்கும் உரிமை எவ்வளவு இருந்தது என்று முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெயரும் ஒய்யும் பிரிவதற்குக் கள்ள உறவு ஒன்றே காரணம் என்பதும் பிழை. மறுமணம் செய்த தாயின் புதுக் கணவர் பெயரைப் பிள்ளை ஏற்றிருக்கலாம். சொத்துக்காக மருமகன் மாமனார் பெயரை ஏற்பது இங்கிலாந்துச் செல்வக் குடும்பங்களில் வழக்கம்தான். சுவீகாரம் உண்டு.

என் வீட்டுக் கதையே சுவீகாரக் கதைதான். என் தாத்தா ஏழு வயதில் தன் அத்தை வீட்டுக்குப் பிள்ளையாகப் போனவர். அத்தையின் கணவருக்குக் கொள்ளி வைத்தவர் அவர். பங்கு வாங்கினார், அந்த வீட்டுக் குலதெய்வத்தைக் கும்பிட்டார். கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி எழுதும் நீள நோட்டில் தாத்தா பெயர், அப்பா பெயர், இப்போது என் பெயர் என்று வரிசையாக இருக்கிறது. நானும் என் பங்காளிகளும் நாளை கன்னத்தைத் தேய்த்துக் கொடுத்தால் என்னுடைய எண்கள் மட்டும் தனியே போகும். அதை வைத்து யாராவது என் பெயரை அந்த நோட்டிலிருந்து அடித்தால் ஏற்பேனா? மாட்டேன். எண் சொல்வது என் தாத்தா எங்கே பிறந்தார் என்பது. அவரை வளர்த்தது யார், அவர் யாருக்காக அழுதார் என்பதை அந்த நோட்டுதான் சொல்கிறது.

ஆகவே சோதனை எடுக்க விரும்பும் இளைஞர்களிடம் நான் வலியுறுத்துவது ஒன்று. குச்சி உங்கள் வாயில் போகலாம், முடிவு உங்களுடையது மட்டும் இல்லை. அண்ணன், சித்தப்பா, பெரியப்பா மகன் எல்லாருடைய முடிவும் அதுவே. 2005-இல் அமெரிக்காவில் 15 வயதுப் பையன் ஒருவன், விந்துக் கொடையால் பிறந்தவன், தன் ஒய் எண்களைக் குடும்பப் பெயர்த் தளம் ஒன்றில் சேர்த்தான். ஒரே பெயருடைய இருவரோடு அவை ஒட்டின. கொடையாளி பிறந்த நாளும் ஊரும் தாய்க்குத் தெரியும். அந்தப் பெயர், அந்த ஊர், அந்த நாள் மூன்றையும் வைத்து, பெயர் வெளியே வராது என்று வாக்குறுதி பெற்றிருந்த மனிதரைப் பையன் கண்டுபிடித்துவிட்டான். அந்தக் கொடையாளி எந்தத் தளத்திலும் மாதிரி தந்தவர் இல்லை. 2013-இல் யானிவ் எர்லிக் குழுவினர், ஆய்வுக்காகப் பெயர் நீக்கி வைத்திருந்த மரபுத் தரவுகளிலிருந்து ஏறத்தாழ 50 பேரை இதே வழியில் அடையாளம் கண்டு காட்டினார்கள். பங்காளி ஒருவர் பேசினால் போதும், எல்லாரும் பேசிய கணக்குத்தான். வீட்டில் சொல்லிவிட்டு, கேட்டுவிட்டு எடுங்கள்.

நம் ஊருக்கு இந்த முறை பொருந்துமா என்று கேட்பீர்கள். நம்மில் பெரும்பாலோருக்குப் பரம்பரைக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயர் முதலெழுத்தாக ஒரு தலைமுறை நிற்கிறது, அடுத்த தலைமுறையில் மாறிவிடுகிறது. வெளிநாட்டு விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை எப்படி நிரப்புவது என்று தவிக்காத தமிழர் குறைவு. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்போம். பெயரன் என்பதுதானே பேரன் ஆனது. ஆனால் அது தாய்வழித் தாத்தாவாகவும் இருக்கும். ஆகவே சைக்ஸ் செய்த ஆய்வைப் பெயரை வைத்து இங்கே செய்ய இயலாது. கொங்கு நாட்டின் கூட்டம், நகரத்தாரின் ஒன்பது கோயில் பிரிவுகள் போன்றவை ஆண்வழியில் இறங்குபவை. ஆராய நினைப்பவருக்கு அவை நல்ல களம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். சாதிப் பெருமைக்குச் சான்றிதழ் வாங்க யாரும் இந்தச் சோதனைக்குப் போக வேண்டாம். இந்நாட்டின் ஒய் பிரிவுகள் சாதி எல்லைக்குள் நிற்பவை அல்ல. ஒரே பிரிவு பல சாதிகளில் கிடக்கும், ஒரே சாதிக்குள் பல பிரிவுகள் கிடக்கும். மேலும், பத்துத் தலைமுறைக்கு முன்னால் ஒருவருக்கு 1,024 முன்னோர் இடங்கள் உண்டு. ஒய் அவற்றில் ஒரே ஓர் இடத்தைத்தான் காட்டும். மற்ற 1,023 இடங்களைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அவற்றில் பாதி நம் பாட்டிகளுடையவை.

பாட்டிகளைச் சொன்னதால் கடைசியாக ஒரு கதை. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டு 1485-இல் பாஸ்வர்த் போரில் கொல்லப்பட்டார். 2012-இல் லெஸ்டர் நகரத்துக் கார் நிறுத்துமிடம் ஒன்றில், முதுகெலும்பு வளைந்த ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. அவர்தானா என்று பார்க்கும் பொறுப்பு டூரி கிங்கிடம் வந்தது. ரிச்சர்டுக்கும் அவருடைய கொள்ளுத்தாத்தாவின் தந்தையான மூன்றாம் எட்வர்டின் இன்னொரு கிளைக்கும் பொதுவான ஆண்வழியில், 18-ஆம் நூற்றாண்டில் பிறந்த பியூஃபோர்ட் பிரபு ஒருவரின் வாரிசுகள் இருந்தார்கள். ஐந்து பேர் மாதிரி தந்தார்கள். ஒருவருடையதும் மன்னரோடு பொருந்தவில்லை. ஐவரில் ஒருவர் மற்ற நால்வரோடும் பொருந்தவில்லை. ரிச்சர்டுக்கும் அந்தப் பிரபுவுக்கும் நடுவே தந்தை மகன் இணைப்புகள் 19. தலைமுறைக்கு ஒரு விழுக்காடு என்று வைத்தாலே, எங்காவது ஓரிடத்தில் அறுந்திருக்க ஆறில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. எந்த இடத்தில் அறுந்தது என்று யாராலும் சொல்ல இயலவில்லை.

மன்னரை அடையாளம் காட்டியது தாய்வழி. தாயிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ-வை, ரிச்சர்டின் அக்கா ஆனின் பெண்வழியில் வந்த இருவரிடம் பார்த்தார்கள். ஒருவருக்கு முழுப் பொருத்தம், இன்னொருவருக்கு ஓர் எழுத்து மட்டும் வேறு. அந்த வழியில் ஒவ்வொரு பெண்ணும் மணமானதும் பெயர் மாறியவள். பெயரைப் பிடித்துக்கொண்டு போயிருந்தால் முதல் மகளிடமே வழி தப்பியிருக்கும். ஏடு ஏடாகத் தேடித்தான் 17 தலைமுறையை இணைத்தார்கள்.

முழுப் பொருத்தம் உடையவர் பெயர் மைக்கேல் இப்சென். கனடாவில் பிறந்து லண்டனில் மர வேலை செய்பவர். 2015 மார்ச் 26 அன்று லெஸ்டர் தேவாலயத்தில் மன்னரை மறுபடியும் அடக்கம் செய்தார்கள். அந்த ஓக் மரச் சவப்பெட்டியைச் செய்தவர் அவர்தான்.